மட்டமான சொல்லும் மட்டம் தட்டும் சொல்லும்

ஒரு விண்வெளிக் கப்பலில் பயிற்சிக்கு வந்த ஒரு பெண் சந்தோஷத்தில் ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். உலகம் முழுக்க இருக்கும் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். வேலை வெட்டி இல்லாதவர்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் அந்தச் சண்டையை நம் ஊர்ப் பேச்சுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நம் தெருவில் தினம் நடக்கிற ஒரு விஷயமும் அதற்குள் இருப்பது தெரியும்.

சண்டை 'ஸ்டார் டிரெக்' பற்றியது. தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். 1966 செப்டம்பர் 8-ஆம் தேதி அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கிய தொடர் இது. உருவாக்கியவர் ஜீன் ராடன்பெரி. 79 எபிசோட்களோடு 1969-இல் நின்றுபோனது. பிறகு மறு ஒளிபரப்பில்தான் பிரபலமாகி, சினிமாக்களாகவும் புதிய தொடர்களாகவும் வளர்ந்தது. நம் நாட்டிலும் 1980-களில் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கேப்டன் கிர்க்கையும் கூர்க்காது ஸ்பாக்கையும் வாய் பிளந்து பார்த்த ஒரு தலைமுறை உண்டு.

ராக்கெட்டும் லேசர் துப்பாக்கியும் எத்தனையோ கதைகளில் வருகின்றன. ஸ்டார் டிரெக் மட்டும் ஏன் இப்படி மனதில் ஒட்டிக்கொண்டது? அது ஒரு வாக்குறுதி கொடுத்தது. இன்னும் முந்நூறு வருஷத்தில் மனிதன் திருந்திவிடுவான், பசியும் நிறவெறியும் போய்விடும், ஒருவரை ஒருவர் மதிக்கிற கூட்டமாக நாம் நட்சத்திரங்களுக்குப் போவோம் என்ற வாக்குறுதி. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் உரிமைக்காகத் தெருவில் இறங்கிப் போராடிக்கொண்டிருந்த நேரத்தில், உஹுரா என்ற கறுப்பினப் பெண் அந்தக் கப்பலில் அதிகாரியாக உட்கார்ந்திருந்தார். அந்த வேடத்தில் நடித்த நிஷெல் நிக்கல்ஸ் முதல் சீசன் முடிந்ததும் விலக நினைத்தாராம். போகாதீர்கள் என்று அவரைத் தடுத்தவர் மார்ட்டின் லூதர் கிங். இதை நிக்கல்ஸே பலமுறை சொல்லியிருக்கிறார். ஒரு டி.வி. சீரியலில் ஒரு நாற்காலி காலியாகக் கூடாது என்று அவ்வளவு பெரிய தலைவர் நினைத்தார் என்றால், அந்த வாக்குறுதியின் எடை எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று பேசியது

பழைய ஸ்டார் டிரெக்கில் வாய் சுத்தம். 1967-இல் ஒளிபரப்பான ஒரு எபிசோடின் முடிவில் மனம் உடைந்த கிர்க் 'நரகம்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைச் சொல்வார். அன்றைய அமெரிக்க டி.வி.யில் அதுவே அபூர்வம். 1987-இல் வந்த அடுத்த தலைமுறைத் தொடரில் கேப்டன் பிக்கார்ட் ஓரிரு இடத்தில் திட்டுவார், ஆனால் பிரெஞ்சில்! புரிந்தவர்களுக்குப் புரியும்.

1986-இல் வந்த நான்காவது சினிமாவில் இதை வைத்தே ஒரு நல்ல காமெடி. கிர்க்கும் ஸ்பாக்கும் காலத்தில் பின்னால் போய் 1986-ஆம் வருஷ சான் பிரான்சிஸ்கோவில் இறங்குவார்கள். நடுரோட்டில் ஒரு டாக்ஸிக்காரர் கிர்க்கைத் திட்டுவார். பதிலுக்குத் திட்டத் தெரியாமல் கிர்க் எதையோ உளறுவார். பிறகு ஸ்பாக்கிடம், இந்தக் காலத்தில் வார்த்தைக்கு வார்த்தை திட்டினால்தான் ஆட்கள் காது கொடுப்பார்கள் என்று விளக்குவார். ஸ்பாக் அதைக் கடமையாகக் கற்றுக்கொண்டு தப்புத் தப்பான இடங்களில் சொருகுவார். கெட்ட வார்த்தை என்பது எதிர்கால மனிதன் மறந்துபோன ஒரு பழைய பழக்கம். அதுதான் அந்த ஜோக்கின் அடிப்படை.

இதில் இன்னொரு காரணத்தையும் மறைக்கக் கூடாது. அந்த வாய்சுத்தம் முழுவதும் கொள்கையால் வந்தது இல்லை. அமெரிக்காவில் வானலையில் ஒளிபரப்பாகும் டி.வி.க்குக் கட்டுப்பாடு உண்டு. காலை 6 முதல் இரவு 10 வரை ஆபாசப் பேச்சு கூடாது. அப்படிக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அரசுக்கு உண்டு என்று 1978-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே சொன்னது. ஆக, நல்ல பிள்ளையாக இருந்ததில் பாதி வளர்ப்பு, மீதி பிரம்பு.

இன்று பேசுவது

2005-இல் நின்றுபோன ஸ்டார் டிரெக், டி.வி. தொடராக 2017 செப்டம்பரில் 'டிஸ்கவரி' என்ற பெயரில் திரும்பி வந்தது. இந்த முறை இணைய வழி. இந்தியாவில் அப்போது நெட்ஃபிளிக்ஸில் பார்க்க முடிந்தது. இணையத்துக்கு அந்தப் பிரம்பு கிடையாது. ஐந்தாவது எபிசோடில், பயிற்சி மாணவி டில்லி ஒரு விஞ்ஞானப் புதிர் அவிழ்கிற சந்தோஷத்தில் 'எஃப்' என்று தொடங்கும் அந்த நான்கெழுத்து ஆங்கிலச் சொல்லைச் சொல்லிவிடுகிறாள். சொன்ன உடனே பயந்துபோய் மன்னிப்புக் கேட்கிறாள். அவளுக்கு மேலே இருக்கும் ஸ்டாமெட்ஸ், எப்போதும் கடுகடுப்பாக இருக்கும் மனிதர், கோபிக்காமல் அதே சொல்லைத் திருப்பிச் சொல்லி அவளோடு சேர்ந்துகொள்கிறார்.

2020 ஜனவரியில் வந்த 'பிக்கார்ட்' தொடரின் இரண்டாவது எபிசோடில் அதே சொல் வேறு விதமாக வந்தது. ஓய்வு பெற்ற கிழவர் பிக்கார்ட் தலைமையகத்துக்குப் போய், ஒரு கப்பல் கொடுங்கள், பதவி குறைந்தாலும் பரவாயில்லை என்று கேட்கிறார். அட்மிரல் கிளான்சி அவருடைய அகங்காரத்தை அந்தச் சொல்லோடு சேர்த்து முகத்தில் அடித்த மாதிரி சொல்லி அனுப்பிவிடுகிறார். 2023 மார்ச்சில் அதே தொடரின் மூன்றாவது சீசனில் பிக்கார்டின் வாயிலேயே அது வந்துவிட்டது. ஷேக்ஸ்பியர் வசனம் பேசி வளர்ந்த வாய்!

ரசிகர்களுக்கு இது போதாதா?

ஒரு கட்சி சொன்னது: "மனிதன் மேம்பட்டுவிட்டான் என்றுதானே கதை? மேம்பட்ட மனிதன் இப்படியா பேசுவான்? அப்பாவோடு உட்கார்ந்து பார்த்த தொடரை இன்று பிள்ளையோடு பார்க்க முடியவில்லையே."

இன்னொரு கட்சி சொன்னது: "எந்த நூற்றாண்டிலும் மனிதன் மனிதன்தான். கால் இடறினால் வாயில் ஏதாவது வரத்தான் செய்யும். பழைய தொடர் சுத்தமாக இருந்ததற்குக் காரணம் அரசாங்கம், எதிர்காலம் இல்லை."

இரண்டிலும் நியாயம் உண்டு. முதல் கட்சியின் நியாயம் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்குச் சட்டென்று புரியும். ஒரு தொழிலை விலைக்கு வாங்கும்போது கட்டடம், இயந்திரம், சரக்கு ஆகியவற்றோடு நற்பெயருக்கும் சேர்த்துத்தான் விலை கொடுக்கிறோம். நற்பெயர் புலனாகாச் சொத்து. கண்ணால் பார்க்க முடியாது, ஆனால் வாடிக்கையாளர் கடைக்குள் நுழைவதே அதை நம்பித்தான். பழைய தொடரைப் புதுப்பிக்கிறவர்கள் ரசிகனின் ஐம்பது வருஷ நம்பிக்கையைத்தான் முதலாகப் போடுகிறார்கள். அது கரைகிறதே என்று அவன் கேட்டால் கோபப்பட முடியாது.

இடக்கரடக்கல்

நம் மொழிக்கு இந்தச் சண்டை புதிது இல்லை. பள்ளிக்கூடத்தில் நன்னூல் படித்த எல்லோருக்கும் தகுதி வழக்கு நினைவிருக்கும்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. சபையில் சொல்லத் தகாததை வேறு சொல்லால் மூடிச் சொல்வது இடக்கரடக்கல். 'கால் கழுவி வந்தான்' என்பது பாடப்புத்தக உதாரணம். தொல்காப்பியமே இத்தகைய சொல்லை அவையல்கிளவி என்கிறது. அவைக்கு ஆகாத சொல் என்று பொருள். கவனியுங்கள். அந்தச் சொல்லே இருக்கக் கூடாது என்று இலக்கணம் சொல்லவில்லை. அவையில் வேண்டாம் என்றுதான் சொல்கிறது. இடம் பார்த்துப் பேசு, அவ்வளவுதான்.

அமெரிக்க விண்வெளித் தொடர்களும் இடக்கரடக்கல் செய்தவைதான். 1978-இல் வந்து, 2003-இல் புதிதாக எடுக்கப்பட்ட 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா'வில் 'ஃபிராக்' என்று ஒரு சொல்லை உண்டாக்கி வைத்தார்கள். எல்லோரும் கோபம் வந்தால் அதைச் சொல்வார்கள். அர்த்தம் என்ன என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. சென்சாருக்குப் பிடிக்கவும் வழியில்லை!

ஆனால் தமிழில் இதற்கு ஒரு இருட்டுப் பக்கமும் உண்டு. 'கொச்சை' என்ற சொல்லைப் பாருங்கள். ஆபாசமான பேச்சும் கொச்சை, இலக்கணம் பார்க்காத பாமரர் பேச்சும் கொச்சை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டோம். மரக்காணம் உப்பளத்தில் வெயிலில் பாத்தி மிதிக்கிறவர் பேச்சும், கடற்கரையில் வலை இழுக்கிறவர் பேச்சும், அதில் ஒரு கெட்ட வார்த்தை இல்லாவிட்டாலும் கொச்சை ஆகிவிடுகிறது. கடைசிக் காலத்தைப் புதுச்சேரியில் கழித்து 2021-இல் மறைந்த கி. ராஜநாராயணன், வாழ்நாள் முழுக்க இதோடுதான் மல்லுக்கட்டினார். கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதி செய்தார். கிராமத்து ஜனங்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரிக்கிற பாலியல் கதைகளையும் 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்று பெயர் போட்டுத் தொகுத்தார். அசிங்கம் என்று முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். அவர் மறைக்கவில்லை, யாருக்கு என்று எழுதி ஒட்டிவிட்டுக் கொடுத்தார்.

ஆக, ஒரு சொல் அசிங்கமா இல்லையா என்று மட்டும் கேட்டால் இந்த வழக்கு தீராது.

சுத்தமான சொல்லால் அடிப்பது

பழைய ஸ்டார் டிரெக் ரசிகர்கள் மறந்துபோகிற ஒரு ஆள் இருக்கிறார். டாக்டர் மெக்காய். அவர் வாயில் கெட்ட வார்த்தை வராது. ஆனால் வேற்றுக் கிரகத்துத் தாய்க்கு இல்லை, தந்தைக்குப் பிறந்த கலப்புப் பிள்ளையான ஸ்பாக்கின் பச்சை ரத்தத்தையும் கூர்க்காதையும் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்வார். நண்பர்கள்தான், உயிரையும் கொடுப்பார்கள், சரி. இருந்தாலும் ஒருவன் பிறப்பையும் உடம்பையும் வைத்துப் பேசுவதற்கு என்ன பெயர்? ஒரு அவையல்கிளவிகூட இல்லாமல் அது குடும்பத்தோடு பார்க்கிற காட்சியாக ஓடியது.

நம் சட்டத்திலும் இந்த இரண்டும் தனித்தனி. பொது இடத்தில் பிறருக்குத் தொல்லையாக ஆபாச வார்த்தை பேசுவது குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 294-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 296-ஆவது பிரிவு. அது சொல்லின் அழுக்கைப் பார்க்கிறது. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வேறு ஒன்றைப் பார்க்கிறது. பட்டியல் சாதி, பழங்குடியினரைப் பொதுப் பார்வையில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது குற்றம் என்கிறது. சாதிச் சான்றிதழில் அச்சடித்திருக்கும் பெயர்தான். அகராதியில் அது அசிங்கமான சொல் இல்லை. ஆனால் ஒரு வாயிலிருந்து இன்னொரு முகத்தை நோக்கி வரும்போது அது அடியாக விழுகிறது.

மட்டமான சொல் வேறு, மட்டம் தட்டும் சொல் வேறு. இரண்டும் சில சமயம் சேர்ந்து வரும். பல சமயம் தனித்தனியாக வரும்.

இரும்பைக் கதை

ஆரோவிலுக்குப் பக்கத்தில் இருக்கிற இரும்பையில், சம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் கோயில் இருக்கிறது. அங்கே லிங்கம் பிளவுபட்டு, செப்புத் தகடு சுற்றிக் கட்டியிருக்கும். அதற்கு ஒரு கதை சொல்வார்கள். கடுவெளிச் சித்தரின் தவத்தை ஒரு நடனப் பெண் கலைக்கிறாள். பிறகு கோயிலில் அவள் ஆடும்போது காற்சிலம்பு கழன்று விழுகிறது. ஆட்டம் நிற்கக் கூடாதே என்று சித்தர் அதை எடுத்து அவள் காலில் மாட்டிவிடுகிறார். பார்த்த கூட்டம் கைகொட்டிச் சிரிக்கிறது. சித்தர் மனம் நொந்து பாட, லிங்கம் வெடிக்கிறது. இந்த மண்ணில் புல் பூண்டு முளைக்காது என்று சாபமும் விழுகிறது. பிற்காலத்தில் தூர தேசத்து ஆட்கள் வந்து பசுமையாக்குவார்கள் என்பது சாபத்தின் விமோசனம். 1968-இல் உலக மனிதர்கள் எல்லோருக்கும் ஒரு ஊர் என்று ஆரோவில் தொடங்கி, செம்மண் பொட்டலில் மரம் நட்டபோது பலரும் இந்தக் கதையைத்தான் நினைவுகூர்ந்தார்கள்.

அந்தக் கதையில் ஒரு கெட்ட வார்த்தையாவது உண்டா? இல்லை. வெறும் சிரிப்பு. ஒரு பெரிய மனிதர் குனிந்து ஒரு பெண்ணின் காலைத் தொட்டதைப் பார்த்து ஊர் சிரித்த சிரிப்பு. ஊரே பாலையானது அதனால்தான் என்று கதை கட்டியவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

அதே வட்டாரத்தில் இதற்கு நேர் எதிரான ஒரு வழக்கமும் இருக்கிறது. விழுப்புரம், திண்டிவனம், மரக்காணம் பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழா வந்தால் ராத்திரி முழுக்கப் பாரதக் கூத்து. எல்லோருக்கும் மனப்பாடமான கதையை ஒவ்வொரு வருஷமும் புதிதாக ஆடுகிறார்கள். அதில் கட்டியங்காரன் வருவான். இரட்டை அர்த்தம் பேசுவான், பச்சையாகவும் பேசுவான். குழந்தைகள் முன்வரிசையில் பாய் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். யாரும் எழுந்து போவதில்லை. ஏன்? முதலாவது, அந்தப் பேச்சு அவன் வாயில் மட்டும்தான். விருத்தமும் வசனமும் பேசுகிற திரௌபதியின் வாய்க்கு அது போகாது. இரண்டாவது, அவன் கேலி பெரும்பாலும் மேல்நோக்கிப் போகிறது. கிரீடம் வைத்த துரியோதன மகாராஜாவையே நிற்க வைத்துக் கலாய்ப்பான். கீழே இருப்பவன் மேலே இருப்பவனைப் பார்த்து அடிக்கிற கிண்டலில் ஊருக்கு ஒரு ஆறுதல் இருக்கிறது.

தீர்ப்பு இல்லை, ஒரு கேள்வி

இந்தக் கண்ணோடு மறுபடி அந்த விண்வெளிக் கப்பலுக்குப் போவோம். டில்லி சொன்னது யார் மேலும் விழவில்லை. அது வியப்பு. தமிழில் எழுதினால் 'அடங்கொக்கமக்க!' என்று வந்திருக்கும். மேலதிகாரி அதட்டாமல் கூடச் சேர்ந்து சந்தோஷப்பட்டது, அந்தப் பழைய வாக்குறுதிக்கு அருகில்தான் இருக்கிறது. சின்னவளைப் பெரியவர் மதிக்கிற இடம் அது. கிளான்சி சொன்னது வேறு. அதிகார நாற்காலியில் இருப்பவர் கேட்க வந்தவரைப் பார்த்து வீசியது. பிக்கார்டிடம் அகங்காரம் இருந்தது உண்மை, அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. ஆனாலும் உஹுராவை நாற்காலியில் உட்கார வைத்த உலகத்தில் மேலிருந்து கீழே இப்படி ஒரு சொல் விழுந்தபோது ரசிகனுக்கு வலித்தது. அந்த எழுத்து நான்கையும் நீக்கிவிட்டுச் சுத்தமான ஆங்கிலத்தில் பேசியிருந்தாலும் வலி பாதியாவது மிஞ்சியிருக்கும்.

நம் சினிமாவிலும் இதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். 2017 நவம்பரில் 'நாச்சியார்' டீசரில் ஜோதிகா பேசிய ஒரு வசவுக்குப் பெரிய எதிர்ப்பு வந்தது. ஒரு கதாநாயகி இப்படிப் பேசலாமா என்பதே பெரிய பேச்சாக இருந்தது. 2023 அக்டோபரில் 'லியோ' டிரெய்லரில் விஜய் பேசிய ஒரு சொல்லுக்கும் எதிர்ப்பு வந்து, பிறகு அந்த இடம் மௌனமாக்கப்பட்டது. இரண்டிலும் யார் வாயில் வந்தது என்று விசாரித்த அளவுக்கு, யார் மேல் விழுந்தது என்று விசாரிக்கவில்லை. நம் கெட்ட வார்த்தைகளை எண்ணிப் பாருங்கள். திட்டுவது ஒரு ஆணை, இழிவாவது அவன் அம்மா. அந்த அம்மா அந்த இடத்திலேயே இருக்க மாட்டார். 'பீப்' சத்தம் போட்டால் சொல் மறையும். அந்த எண்ணம் மறையுமா?

குடும்பத்தோடு பார்க்க முடியவில்லையே என்ற வருத்தம் சின்ன விஷயம் இல்லை. அதற்குத்தான் வயது வாரியாக யு/ஏ 7+, 13+, 16+ என்று இப்போது பிரித்திருக்கிறார்கள். கி.ரா. எழுதி ஒட்டிய மாதிரி. அது அவை பற்றிய கேள்வி, அதற்கு விடை இருக்கிறது. மட்டம் தட்டுகிற சொல்லுக்கு எந்த வயதுச் சான்றிதழும் உதவாது.

நாளைக்கு இன்னொரு பழைய கதையைப் புதுப்பிக்கப் போகிறார்கள். மறுபடியும் ரசிகர்கள் வசனத்தைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவார்கள். போடட்டும், பிடித்த கதைக்காகச் சண்டை போடாமல் வேறு எதற்குப் போடுவது? ஆனால் கெட்ட வார்த்தை எத்தனை என்று எண்ணி முடித்த பிறகு, அந்தக் கதையில் எத்தனை பேர் தலைகுனிய வைக்கப்பட்டார்கள் என்றும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். சொல் சுத்தமாக இருந்த பழைய கதையிலும் சேர்த்துத்தான்.